கிராம சபையில் உங்கள் ஊர்க் கோரிக்கையைத் தீர்மானமாக்குவது எப்படி? முதல்முறை போகும் இளைஞர்களுக்கு

"நாட்டுக்கு ஏதாவது செய்யணும்" என்று நினைக்கும் பிள்ளைகள் எங்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மரக்கன்று நடுகிறார்கள், ரத்தம் கொடுக்கிறார்கள், வெள்ளம் வந்தால் அரிசி சேகரித்துக்கொண்டு ஓடுகிறார்கள். எல்லாம் நல்ல காரியம்தான். ஆனால் சொந்த ஊரில் பொதுப்பணம் எதற்குச் செலவாக வேண்டும் என்று சொல்லும் உரிமை சட்டப்படியே தங்கள் கையில் இருப்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் சுமார் 12,500 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூட வேண்டும். அங்கே இருபது வயதுக்காரர்களைப் பார்ப்பதே அரிதாக இருக்கிறது.

2023-இல் எனக்கும் இதெல்லாம் தெரியாது. எங்கள் ஊரில் பேருந்து நிறுத்தத்திலிருந்து காலனி வரைக்கும் போகும் சாலையில் 11 மின்கம்பங்கள். ஒன்றில்கூட விளக்கு இல்லை. மாலை ட்யூஷன் முடிந்து வரும் பெண் பிள்ளைகள் செல்போன் வெளிச்சத்தில் நடந்து வருவார்கள். அதைச் சரிசெய்யலாம் என்று நாங்கள் நான்கு பேர் கிளம்பினோம். மூன்று கிராம சபை, ஒரு தகவல் உரிமை மனு, எத்தனையோ முறை ஊராட்சி ஒன்றிய அலுவலகம் என்று அலைந்து, பத்து மாதம் கழித்துத்தான் விளக்கு எரிந்தது. முறை தெரிந்திருந்தால் ஒரே கிராம சபையில் தீர்மானம் வாங்கியிருக்கலாம். நீங்களாவது அப்படிச் செய்ய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இது கிராம ஊராட்சியில் இருப்பவர்களுக்கானது. பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சியில் இருப்பவர்களுக்குப் பகுதி சபை, வார்டு குழு என்று வேறு ஏற்பாடு உண்டு, விதிகளும் வேறு.

1. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்

1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், பிரிவு 3-இன்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் எல்லோரும் கிராம சபை உறுப்பினர்கள். தகுதி அவ்வளவுதான். "வீட்டு வரி கட்டியவன்தான் பேசலாம்", "குடும்பத்துக்கு ஒருத்தர்தான் வரணும்" என்றெல்லாம் சொல்வார்கள். அப்படி எதுவும் இல்லை. உங்கள் அம்மாவும் உறுப்பினர், பாட்டியும் உறுப்பினர், நீங்களும் உறுப்பினர்.

பெயர் இல்லையென்றால் படிவம் 6 கொடுக்க வேண்டும். தேர்தல் ஆணைய இணையதளத்திலோ செல்போன் செயலியிலோ கொடுக்கலாம்; உங்கள் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் நேரிலும் கொடுக்கலாம். கட்டணம் கிடையாது. ஒரு புகைப்படம், வயதுக்குச் சான்று (பிறப்புச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்), முகவரிக்குச் சான்று (ஆதார் அல்லது வங்கிப் பாஸ்புக்) இருந்தால் போதும். 18 வயது முடிந்ததா என்று கணக்குப் பார்க்க ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என நான்கு தகுதி நாட்கள் உண்டு. 17 வயது முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பித்து வைக்கலாம். ஒரு மாதமாவது ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேட்கலாம்.

சென்னையிலோ திருப்பூரிலோ வேலை பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஓட்டை அங்கே மாற்றிவிட்டால் ஊர்க் கிராம சபையில் நீங்கள் உறுப்பினர் இல்லை. இரண்டு இடத்திலும் பெயர் வைத்திருப்பது சட்டப்படி தவறு. எங்கள் நான்கு பேரில் ஒருவனுக்கு இந்தச் சிக்கல் இருந்தது. கூட்டத்தில் பேச அவன் எழுந்ததும் ஒருவர், "தம்பி ஓட்டு இங்க இல்லையே" என்றார். அவர் சொன்னது சரிதான். அதன் பிறகு அவன் மனு எழுதுவது, ஆவணம் தேடுவது ஆகிய வேலைகளை எடுத்துக்கொண்டான்.

2. உங்கள் கோரிக்கை யார் கையில் இருக்கிறது?

புதிதாகப் போகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். "பஸ் வரல, ரேஷன்ல பருப்பு இல்ல, ஏரி தூர்வாரல, தெருவிளக்கு எரியல" என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னால், ஊராட்சியால் செய்ய முடியாததைக் காட்டி, முடிந்ததையும் சேர்த்து ஒதுக்கிவிடுவார்கள்.

தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், மேல்நிலைத் தொட்டி, குப்பை, தெருச் சாக்கடை, ஊருக்குள் இருக்கும் சிறு சாலை, குட்டை, ஊரணி ஆகியவை ஊராட்சியின் பொறுப்பு. விளக்குப் பொருத்துவதும் அதன் மின்கட்டணம் கட்டுவதும் ஊராட்சி. ஆனால் புதிதாகக் கம்பம் நடுவது மின்வாரியம். எங்கள் சாலையில் கம்பம் ஏற்கெனவே இருந்ததால் வேலை பாதியாகக் குறைந்தது. ஏரி என்றால் ஆயக்கட்டை, அதாவது அதில் பாசனம் பெறும் நிலப் பரப்பைப் பார்க்க வேண்டும். 40 ஹெக்டேருக்குக் குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியம், அதற்கு மேல் என்றால் நீர்வளத் துறை. பேருந்து, ரேஷன் கடை போன்றவற்றுக்கும் கிராம சபை தீர்மானம் போடலாம். அந்தத் துறைக்குப் பரிந்துரையாக அது போகும். ஆனால் முதல் முயற்சிக்கு ஊராட்சி தானே செய்யக்கூடிய ஒரே ஒரு வேலையை எடுங்கள். ஒன்றே ஒன்று.

நிலம் சம்பந்தப்பட்டதாக இருந்தால் (குட்டை, விளையாட்டுத் திடல், பாதை) புல எண் (சர்வே நம்பர்) கட்டாயம் வேண்டும். நிலம் என்ன வகை என்று சொல்லும் அ பதிவேட்டையும் அதன் எல்லையைக் காட்டும் புலப்பட வரைபடத்தையும் வருவாய்த் துறையின் இணையதளத்தில் செலவில்லாமல் பார்க்கலாம். அது புறம்போக்கா, பட்டாவா என்று தெரியாமல் கூட்டத்தில் பேசப் போகாதீர்கள்.

3. நடந்து போய் எண்ணுங்கள்

இதற்கு ஒரு நாள் சாயங்காலம் போதும். நாங்கள் முதல் கூட்டத்தில் "அந்த ரோடே இருட்டா கிடக்கு" என்றுதான் சொன்னோம். "எத்தனை கம்பம்?" என்று கேட்டார்கள். நான்கு பேரும் நான்கு எண் சொன்னோம். கூட்டம் சிரித்தது, அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

அப்புறம் ஒருநாள் நோட்டும் டேப்புமாகப் போனோம். பேருந்து நிறுத்தத்திலிருந்து காலனி முகப்பு வரை எத்தனை மீட்டர், எத்தனை கம்பம், கம்பத்தில் எழுதியிருக்கும் எண் என்ன, எந்தக் கம்பத்தில் பழைய விளக்கின் கொக்கி மட்டும் தொங்குகிறது என்று ஒவ்வொன்றாக எழுதினோம். ராத்திரி ஏழரைக்கு அதே கம்பங்களைப் படம் எடுத்தோம். அந்தச் சாலையில் எத்தனை வீடு, எத்தனை பள்ளிப் பிள்ளைகள் என்றும் கேட்டு எழுதினோம். எல்லாம் ஒரே தாளில் அடங்கியது. அடுத்த பத்து மாதமும் எங்களைக் காப்பாற்றியது அந்தத் தாள்தான்.

4. மனு எழுதுவது

பெறுநர்: ஊராட்சி மன்றத் தலைவர். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலமாக இருந்தால், அவருக்குப் பதிலாக அரசு நியமிக்கும் தனி அலுவலர். ஒரு நகல் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு (கிராம ஊராட்சி). ஒன்றிய அலுவலகத்தில் இரண்டு வட்டார வளர்ச்சி அலுவலர்கள் இருப்பார்கள். உங்களுக்கு வேண்டியவர் கிராம ஊராட்சியைப் பார்ப்பவர்.

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். எங்கே, என்ன, எவ்வளவு என்பதை முதல் இரண்டு வரியிலேயே சொல்லிவிடுங்கள். கடைசியில், "இக்கோரிக்கையை வரும் கிராம சபையின் பொருள் நிரலில் சேர்த்துத் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டுகிறோம்" என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். பொருள் நிரல் என்றால் கூட்டத்தில் பேசப்போகும் விஷயங்களின் பட்டியல். கையெழுத்துப் போடுகிறவர்கள் பெயருக்குப் பக்கத்தில் கதவு எண்ணையும் எழுதட்டும். முப்பது கையெழுத்து கிடைத்தால் நல்லது; அதில் பாதி பெண்களுடையதாக இருந்தால் இன்னும் நல்லது. எங்கள் மனுவில் பிள்ளைகளின் அம்மாக்கள் 22 பேர் கையெழுத்திட்டார்கள். பிறகு கூட்டத்துக்கும் வந்தார்கள்.

மனுவை இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தேதியும் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். "அதெல்லாம் எதுக்கு தம்பி, நான் பாத்துக்கிறேன்" என்பார்கள். ஆகஸ்ட் கூட்டத்துக்கு முன் நாங்கள் அதை நம்பி ஒப்புகை வாங்காமல் திரும்பி வந்தோம். பிறகு கேட்டபோது, மனுவே வரவில்லை என்று பதில் வந்தது. ஒப்புகை தர மறுத்தால் சண்டை போடாதீர்கள். நேரே தபால் நிலையம் போய் அனுப்பிவிடுங்கள். பழைய வழிகாட்டிகளில் பதிவு அஞ்சல் என்று இருக்கும். 2025-இல் அதை விரைவு அஞ்சலோடு சேர்த்துவிட்டார்கள். விரைவு அஞ்சலில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நூறு ரூபாய்க்குள் முடியும்.

இன்னொன்று. மனு கொடுக்கும் முன் தலைவரை வீட்டிலோ அலுவலகத்திலோ ஒருமுறை நேரில் பார்த்துச் சொல்லிவிடுங்கள். கிராமத்தில் கேள்வி கேட்டாலே, "இவன் யார் ஆளு?" என்று பார்ப்பார்கள். கட்சிக் கரை வேட்டியோ சாதிச் சங்கப் பெயரோ இந்தக் காரியத்துக்குள் வரவே கூடாது. நாங்கள் காலனிச் சாலைக்குக் கேட்கிறோம் என்றதும் முகம் சுளித்தவர்கள் உண்டு. "அந்த ரோட்டுல உங்க பேத்தியும்தான் நடந்து வருது ஐயா" என்று ஒரு அம்மா சொன்ன பிறகுதான் பேச்சு மாறியது.

5. தேதியும் அறிவிப்பும்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவைதான் ஆறு நாட்கள். மார்ச் 22-உம் நவம்பர் 1-உம் பின்னால் சேர்க்கப்பட்டவை. அவை அரசு விடுமுறை நாட்கள் இல்லை. வேலைக்குப் போகிறவர்கள் விடுப்பு சொல்லிவிட வேண்டும். கூட்டம் பெரும்பாலும் காலை 11 மணிக்கு. தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருந்தால் கூட்டம் நடக்காது அல்லது தள்ளிப் போகும்.

ஏழு நாள் முன்பே அறிவிப்பு வர வேண்டும். ஊராட்சி அலுவலக அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். தண்டோரா போடும் ஊர்களும் இருக்கின்றன. பொருள் நிரலைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பொருள் அதில் இல்லையென்றால் கவலை வேண்டாம், "இதர பொருட்கள்" என்று கடைசியில் ஒன்று இருக்கும். ஆனால் அதற்குள் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். அதனால் மனுவைக் கூட்டத்துக்குப் பதினைந்து நாள் முன்பே கொடுத்துவிடுங்கள்.

பெரிய வேலை என்றால் அக்டோபர் 2-ஐக் குறி வையுங்கள். அடுத்த நிதியாண்டுக்கான ஊராட்சி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் வேலை அப்போதுதான் சூடு பிடிக்கும். திட்டத்தில் ஏறாத வேலைக்கு நிதி கேட்பது கடினம். உங்கள் ஊராட்சியின் திட்டத்தையும் செலவையும் மத்திய அரசின் இ-கிராம்ஸ்வராஜ் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கூட்டத்துக்கு முன் ஒரு மணி நேரம் அதில் உட்காருங்கள்.

6. கூட்ட நாள்

அரை மணி முன்னால் போய் முன்வரிசையில் உட்காருங்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுங்கள். ஆனால் காலிப் பக்கத்தில் போடாதீர்கள். மேலே தேதியும் "கிராம சபைக் கூட்டம்" என்ற தலைப்பும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

குறைவெண் வரம்பு, அதாவது கூட்டத்துக்குக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பது தெரிந்திருப்பது நல்லது. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். எங்கள் ஊருக்கு 100. முதல் கூட்டத்தில் நான் எண்ணியபோது அறுபது சொச்சம் பேர்தான் இருந்தார்கள். ஆனால் பதிவேட்டில் நூறுக்கு மேல் கையெழுத்து இருந்ததாகப் பின்னால் தெரிந்தது. கூட்டம் கூடாதபோது கூடியதாகக் காட்டுவது ஊருக்குச் செய்யும் கெடுதல். அதைத் தடுக்க ஒரே வழி, நிஜமாகவே ஆட்களைக் கூட்டிப் போவதுதான். மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் சொல்லுங்கள். உங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு போய்க் கூப்பிடுங்கள். அக்டோபர் கூட்டத்துக்கு எங்கள் தெருவிலிருந்து மட்டும் 41 பேர் வந்தோம்.

கூட்டத்துக்கு அரசு அனுப்பும் அலுவலர் ஒருவர் இருப்பார். பற்றாளர் என்பார்கள். அவர் யாரென்று கேட்டுத் தெரிந்துகொண்டு, மனுவின் ஒரு நகலை அவர் கையிலும் கொடுங்கள். வரவு செலவு விவரத்தைக் கூட்டத்தில் வைக்க வேண்டும்; செலவின அறிக்கையைப் படிவம் 30 என்பார்கள். "படிவம் 30-ஐக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க" என்று மரியாதையாகக் கேட்டாலே கூட்டத்தின் போக்கு மாறும்.

பேசும்போது இரண்டு நிமிடம் போதும். எண்ணைச் சொல்லுங்கள், தாளைக் காட்டுங்கள், உட்காருங்கள்.

7. தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதுகிறார்கள்?

இதைச் சொல்லத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன். கூட்டத்தில் எவ்வளவு நன்றாகப் பேசினாலும், புத்தகத்தில் ஏறும் வரிதான் மிஞ்சும்.

ஆகஸ்ட் 15 கூட்டத்தில் எங்கள் கோரிக்கைக்கு எல்லோரும் கை தட்டினார்கள். ஊராட்சிச் செயலர் எழுதிக்கொண்டார். சந்தோஷமாக வீடு திரும்பினோம். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது புத்தகத்தில் இருந்தது இவ்வளவுதான்: "தெருவிளக்கு வசதி குறித்து ஆவன செய்ய முடிவு செய்யப்பட்டது." எந்தத் தெரு? எத்தனை விளக்கு? எந்த நிதி? எப்போது? ஒன்றும் இல்லை. இந்த வரியை வைத்துக்கொண்டு ஒன்றிய அலுவலகத்தில் யாரும் செலவு மதிப்பீடு போட மாட்டார்கள், போடவும் முடியாது.

அக்டோபர் 2-க்கு நாங்களே தீர்மானத்தை எழுதிக்கொண்டு போனோம்: "பேருந்து நிறுத்தம் முதல் காலனி முகப்பு வரையுள்ள சாலையில், இணைப்பில் கண்ட 11 மின்கம்பங்களில் எல்இடி தெருவிளக்குகள் பொருத்த, ஊராட்சிப் பொது நிதியிலிருந்து செலவிடவும், 30 நாட்களுக்குள் மதிப்பீடு தயாரிக்க ஒன்றிய அலுவலகத்துக்கு அனுப்பவும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." செயலர், "எழுதிக்கிறேன், நீங்க போங்க தம்பி" என்றார். நாங்கள் போகவில்லை. "அண்ணே, எழுதி முடிச்சதும் ஒருதடவை எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டிடுங்க" என்றோம். அம்மாக்களும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர் எழுதினார், வாசித்தார், தீர்மான எண்ணும் போட்டார். பத்து நிமிட வேலை. கூடவே நான் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டேன்.

இடம், அளவு, நிதி, கெடு, தீர்மான எண். இந்த ஐந்தும் இல்லாமல் கலைந்து போகாதீர்கள்.

8. நகல் வாங்குவது

முதலில் வாயால் கேளுங்கள், அப்புறம் மனுவாகக் கேளுங்கள். கிடைக்கவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 6(1)-இன் கீழ் விண்ணப்பம். வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை. அதற்கான சான்றின் நகலை இணைக்க வேண்டும். நான் ஒன்றிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினேன். தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டாலும், பிரிவு 6(3)-இன்படி ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு அவர்களே மாற்ற வேண்டும்.

"ஏன் விளக்குப் போடவில்லை?" என்று கேட்காதீர்கள். அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். "02.10.2023 அன்று நடந்த கிராம சபைத் தீர்மானங்களின் நகல், வருகைப் பதிவேட்டின் நகல், மேற்படி தீர்மானத்தின்மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைக் கோப்பின் நகல்" என்று ஆவணமாகக் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். கெடு தாண்டினால் நகலை இலவசமாகத் தர வேண்டும். பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் சரிவராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். எனக்கு 27-ஆம் நாள் பதில் வந்துவிட்டது. 14 பக்கம், 28 ரூபாய்.

9. தீர்மானத்துக்குப் பிறகு

ஒன்றிய அலுவலகத்தில் கோப்பு நகரும் வரிசை இது: ஓவர்சியர் வந்து இடம் பார்ப்பார், மதிப்பீடு போடுவார், அனுமதி, வேலை உத்தரவு, அப்புறம்தான் வேலை. எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பதினைந்து நாளுக்கு ஒருமுறை கேளுங்கள். ஒவ்வொரு முறையும் தேதி, பார்த்த அலுவலரின் பதவி, அவர் சொன்னது ஆகிய மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். ஓவர்சியர் வரும் நாளில் நீங்களும் கூடவே நடந்து போங்கள். எங்கள் ஓவர்சியர் முதலில் எட்டுக் கம்பம்தான் கணக்கு எடுத்தார். தாளைக் காட்டியதும் பதினொன்றும் ஏறியது.

இரண்டு மாதம் அசைவே இல்லையென்றால், திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்குத் தீர்மான நகலோடு போங்கள். முதலமைச்சரின் உதவி மைய எண்ணான 1100-இலும் புகார் பதியலாம். வெறும் மனுவைவிட, தீர்மான எண் உள்ள மனுவுக்குப் பதில் சீக்கிரம் வருவதை நானே பார்த்தேன்.

மொத்தச் செலவு எங்களுக்கு 400 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். ஜெராக்ஸ், தபால், வில்லை, நகல் எல்லாம் சேர்த்து. பெட்ரோல் தனி. லஞ்சமாக ஒரு பைசா கொடுக்கவில்லை, நீங்களும் கொடுக்காதீர்கள்.

10. வேலை முடிந்தபின்

மதிப்பீட்டில் எழுதிய விளக்கின் எண்ணிக்கையும் வாட்டும் கம்பத்தில் ஏறியதும் ஒன்றாக இருக்கிறதா என்று சரிபாருங்கள். கம்ப எண் பட்டியலைத் தெருவில் இருக்கிறவர்களிடமும் கொடுத்து வையுங்கள். 2024 பிப்ரவரி கடைசியில் எங்கள் பதினொன்றும் எரிந்தன. ஜூனில் ஒருநாள் ராத்திரி பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி எனக்குப் போன் செய்து, "அண்ணா, ஏழாம் கம்பம் எரியல" என்றாள். எண்ணைச் செயலருக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள் மாற்றிவிட்டார்கள்.